மறைத்து வைக்கும் நீர்க்கணக்கு

இந்தியாவின் ஆறுகளில் ஓடும் தண்ணீரையும் கிணறுகளில் நிற்கும் தண்ணீரையும் அரசு பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறது. ஆறுகளுக்கு மத்திய நீர்வள ஆணையம், கிணறுகளுக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியம், இரண்டுக்கும் மாநில நீர்வளத் துறைகள், போதாததற்குக் குடிநீர் வாரியங்கள். அளவெடுப்பில் குறைகள் உண்டு. ஆனால் அளவெடுக்காத நாடு இல்லை இது. எடுத்த அளவை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் தகராறு. நீர்த்துறை அலுவலகங்களிலும் தலைமைச் செயலகங்களிலும் வேரூன்றிய பதில் இதுதான்: நீர்த் தரவு ஆபத்தானது, அதைத் துறைக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு, கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று பார்த்து வேண்டிய அளவு கொடுத்தால் போதும்.

இதற்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. தரவு வெளியே போனால் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்ச் சண்டை கூடும். எல்லை கடந்து ஓடும் ஆறுகளின் கணக்கு நாட்டின் பாதுகாப்பைச் சேர்ந்தது. பயிற்சியில்லாத மக்கள் எண்களைத் தவறாகப் படித்துப் பீதியடைவார்கள். நான்காவதாக, வேண்டியதெல்லாம் ஏற்கெனவே அரசின் இணையதளத்தில் இருக்கிறது, இனி என்ன பகிர்வு என்ற கேள்வி. இப்படிப் பேசுபவர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்லர். தான் பதிவேட்டில் எழுதிய எண் நடுவர் மன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் ஆயுதமானதைப் பார்த்த பொறியாளர், அடுத்த முறை பதிவேட்டைத் தரத் தயங்குவது இயல்பு. அரசியல் சாசனமும் தண்ணீரை மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனமாக வைத்து, மாநிலங்களுக்கிடையிலான ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மத்தியப் பட்டியலின் 56-ஆவது இனத்தில் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அதிகாரி வாயைத் திறக்காமலிருப்பதே உத்தமம் என்று நினைக்கலாம். ஆயினும் நான்கு காரணங்களில் ஒன்றும் நிற்காது.

1. தரவு சண்டையை வளர்க்கும் என்பதற்குச் சான்று எங்கே?

இந்தியாவின் மிக நீண்ட நதிநீர்ச் சண்டைகளில் ஒன்று காவிரியினுடையது. நடுவர் மன்றம் 1990-இல் அமைக்கப்பட்டது, 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2013-இல் அரசிதழில் வெளியீடு, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இத்தனை ஆண்டுகளில் இரு மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே பொது அளவு பிலிகுண்டுலுவில் எடுக்கப்படுவது. கர்நாடக எல்லையைத் தாண்டி வரும் தண்ணீரை அங்கே அளப்பது மத்திய நீர்வள ஆணையம். அந்த அளவு நிலையம் கர்நாடகத்தினுடையதும் இல்லை, தமிழ்நாட்டினுடையதும் இல்லை. நடுவர் மன்றம் விதித்த 192 டி.எம்.சி.யும், உச்ச நீதிமன்றம் குறைத்துத் தந்த 177.25 டி.எம்.சி.யும் அந்த இடத்தில் அளந்து சரிபார்க்க வேண்டிய எண்கள்.

2023-இல் மழை பொய்த்தபோது சண்டை மீண்டும் மூண்டது. வினாடிக்கு 5,000 கனஅடி திறக்கச் சொன்ன காவிரி ஒழுங்காற்றுக் குழுவின் பரிந்துரையை எதிர்த்துக் கர்நாடகத்தில் கடையடைப்பு நடந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். பற்றாக்குறைக் காலத்தில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைப் பற்றியது. பிலிகுண்டுலுவைக் கடந்த தண்ணீர் எவ்வளவு என்பது அங்கே மையப் பிரச்சினையாக இல்லை. இருதரப்பும் அதே கணக்கிலிருந்துதான் வாதாடின. பொதுவான அளவு இருந்த இடத்தில் சண்டையின் பரப்பு சுருங்கியது. காவிரி ஓய்ந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனால் அளவைப் பற்றிய சண்டையும் பங்கைப் பற்றிய சண்டையும் சேர்ந்தே நடந்திருந்தால் நிலைமை எவ்வளவு மோசமாகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொதுவான அளவு இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதை 2018-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே காட்டுகிறது. தமிழ்நாட்டின் பங்கில் உச்ச நீதிமன்றம் குறைத்தது 14.75 டி.எம்.சி. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. மீதி 10 டி.எம்.சி.க்குச் சொல்லப்பட்ட காரணம், காவிரிப் படுகையில் தமிழ்நாட்டுக்கு 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் பாதியையாவது கணக்கில் எடுக்கலாம் என்பது. டெல்டாவின் நிலத்தடி நீர் பெரும்பாலும் ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓடும் தண்ணீரால் ஊறுவதுதான், அதைத் தனியாக எண்ணினால் ஒரே தண்ணீர் இருமுறை கணக்கில் வருகிறது என்பது தமிழ்நாட்டின் வாதம். இந்த வாதத்தின் பலத்தை எடைபோட, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டக் கிணறுகளின் நீர்மட்டமும் வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிய நாட்களும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டு, பல ஆண்டு வரிசையாக, இருதரப்பு வல்லுநர்களும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்த நிலையில் இருந்திருக்க வேண்டும். ஒரு மாநிலம் தன் அலமாரியில் பூட்டி வைத்த பதிவேடு வழக்கின் நாளில் வெளியே வந்தால், அது சான்றாக மதிக்கப்படாது; கட்சிக்காரரின் வாக்குமூலமாகத்தான் மதிக்கப்படும். மறைத்து வைத்தவரின் எண்ணை நம்பாமலிருக்க எதிர்த்தரப்புக்கு முழு உரிமை உண்டு.

இதைச் சட்டம் அறியாமல் இல்லை. 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்ப் பிணக்குகள் சட்டத்தில் 2002-இல் 9ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு ஆற்றுப் படுகைக்கும் தேசிய அளவில் தரவு வங்கி ஒன்றை மத்திய அரசு பராமரிக்க வேண்டும், மாநிலங்கள் கேட்கும் தரவைத் தர வேண்டும், அதைச் சரிபார்க்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்கிறது அந்தப் பிரிவு. சண்டையைத் தீர்க்கத் தரவு வேண்டும் என்று நாடாளுமன்றமே எழுதி வைத்த பிறகு, சண்டை வரும் என்று தரவை மறைப்பது சட்டத்தையே தலைகீழாக நிறுத்துவது.

2. பாதுகாப்பு என்ற சொல்லின் பின்னால் யாரிடமிருந்து எது மறைக்கப்படுகிறது?

2013-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்ட நீர்-வானிலைத் தரவுப் பரவல் கொள்கை, சிந்து, கங்கை, பிரம்மபுத்திராப் படுகைகளின் நீரோட்டத் தரவை வகைப்படுத்தப்பட்ட, அதாவது அனுமதியின்றித் தரக்கூடாத தரவாக வைத்திருக்கிறது. கோதாவரி, கிருஷ்ணா, காவிரி ஆறுகளின் கணக்கு திறந்திருக்கிறது. முதல் காரணமும் இரண்டாவது காரணமும் ஒன்றையொன்று வெட்டுவதை இங்கேயே பார்க்கலாம். மாநிலங்கள் ஆண்டாண்டுக் காலமாக வழக்காடும் ஆறுகள் மூன்றும் திறந்த பட்டியலில்தான் இருக்கின்றன. அதனால் எந்தக் கேடும் வரவில்லை.

கங்கையின் கணக்கு வெளிநாட்டுக்குத் தெரியக்கூடாது என்றால், அது தெரியாமலிருக்கிறதா? 1996-ஆம் ஆண்டின் கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தப்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் மே 31 வரை ஃபரக்காவிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரு நாட்டுக் குழுக்களும் சேர்ந்து அளக்கின்றன. ஃபரக்காவில் ஓடும் தண்ணீர் டாக்காவின் அதிகாரிக்குத் தெரியும். பாட்னாவில் நீரியல் படிக்கும் மாணவருக்குத்தான் தெரியக்கூடாது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் நாசாவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் நூறு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளின் நீர்மட்டத்தை வானிலிருந்தே அளக்கிறது, அந்தத் தரவை உலகில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எதிரி நாட்டிடம் செயற்கைக்கோள் படம் இருக்கும். கரையில் வாழும் குடியானவனிடம்தான் எதுவும் இருக்காது.

இந்தியா வெளியே பேசும் நியாயமும் வேறு. பிரம்மபுத்திராவின் வெள்ளக்காலக் கணக்கைச் சீனா தர வேண்டும் என்று 2002-இல் இந்தியா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. டோக்லாமில் இந்திய-சீனப் படைகளிடையே பதற்றம் நிகழ்ந்த 2017-இல் சீனா அதைத் தரவில்லை. மேல்கரை நாடு தரவை மறைத்தால் கீழ்க்கரை மக்களின் உயிருக்கு ஆபத்து என்ற கவலை இந்தியாவில் பரவலாக எழுந்தது. முழுக்க நியாயமான கவலை. அதே நியாயம் அசாமின் கீழ்க்கரை மாவட்டத்துக்கும் பிகாரின் கரையோரக் கிராமத்துக்கும் பொருந்தாமல் போகாது.

மறைப்பின் விலை என்ன என்பதற்குக் கோசி ஆறு சாட்சி. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்து, ஆறு தடம் மாறி, வட பிகாரில் லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அன்று ஆற்றில் ஓடியது வினாடிக்கு ஏறக்குறைய 1.44 லட்சம் கனஅடி. கரை தாங்குவதற்காகக் கட்டப்பட்ட அளவு 9.5 லட்சம் கனஅடி. இந்த இரண்டு எண்களும் அருகருகே நின்றால், இயற்கைச் சீற்றம் என்று கைவிரிக்க யாராலும் முடியாது. பராமரிப்பில் விட்ட கோட்டைதான் கேள்வியாக எழும். அன்றாடக் கணக்கு கரையோர மக்களிடம் இருந்தால் அந்தக் கேள்வி உடைப்புக்கு முன்பே எழ வாய்ப்புண்டு.

அணைக் கதவுகளை இயக்கும் கணினி அமைப்பின் விவரங்களையும், தனிப்பட்ட விவசாயியின் பெயரோடு சேர்ந்த கிணற்று விவரத்தையும் காக்க வேண்டும். அதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. ஆற்றில் நேற்று ஓடிய தண்ணீர் அந்த வகையைச் சேர்ந்ததில்லை.

3. மக்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது பார்த்தறிந்த முடிவு இல்லை.

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு ஆகிய மூன்று எண்களும் தமிழ் நாளிதழ்களில் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது டெல்டா விவசாயிக்கு மனப்பாடம். மே மாதக் கடைசியில் மட்டம் எத்தனை அடி என்று பார்த்து, ஜூன் 12-இல் அணை திறக்குமா, குறுவை வைக்கலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று அவர் முடிவு செய்கிறார். விதை நெல் வாங்குவதும் கடன் வாங்குவதும் அந்த எண்ணைப் பொறுத்தவை. சென்னையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் இருப்பைக் குடிநீர் வாரியம் நாள்தோறும், சென்ற ஆண்டு இதே நாளின் இருப்போடு சேர்த்து வெளியிடுகிறது. 2019 கோடையில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோதும் அந்தப் பட்டியல் நிற்கவில்லை. எண்ணைப் பார்த்து எவரும் கலவரத்தில் இறங்கவில்லை. லாரித் தண்ணீருக்கு முன்பதிவு செய்தார்கள், குளிக்கும் நீரைக் குறைத்தார்கள்.

பீதி பிறப்பது எண் தெரியாதபோது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அடையாற்றின் கரையில் சைதாப்பேட்டையிலும் ஜாஃபர்கான்பேட்டையிலும் இருந்தவர்களுக்கு அந்த எண் தண்ணீராகத்தான் வந்து சேர்ந்தது. எந்த அளவு திறந்தால் எந்தத் தெரு வரை ஏறும் என்ற வரைபடம் அவர்கள் கையில் இல்லை.

வெளியிடாத தரவின் இடத்தை ஊகம் பிடித்துக்கொள்ளும் என்பதற்கும் சான்று உண்டு. டெல்லி, பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் உட்பட 21 நகரங்களின் நிலத்தடி நீர் 2020-க்குள் தீர்ந்துவிடும் என்று 2018-இல் நிதி ஆயோக் அறிக்கை ஒன்று சொன்னது. அந்த வாக்கியம் உலகப் பத்திரிகைகளையெல்லாம் சுற்றி வந்தது. 2020 வந்தது, போனது. அந்த நகரங்களில் நிலத்தடி நீர் சொன்னபடி தீர்ந்து போகவில்லை. ஒவ்வொரு நகரத்தின் கிணற்று மட்டமும் மாதவாரியாகப் பொதுவெளியில் இருந்திருந்தால், ஒரு நிருபரோ கல்லூரி ஆசிரியரோ ஒரே வாரத்தில் அதைச் சோதித்திருப்பார். தவறான எச்சரிக்கையால் வரும் தீங்கு பெரிது: அடுத்து வரும் சரியான எச்சரிக்கையை யாரும் நம்பமாட்டார்கள்.

எழுதப் படிக்கக் குறைவாகத் தெரிந்தவர்களாலும் இது முடியும் என்று ஆந்திரம் காட்டியிருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு 2000-களில் அங்கே வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில், அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில், விவசாயிகளே தங்கள் கிணறுகளை அளந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆழ்துளைக் கிணற்றுக்குள் கம்பியை இறக்குவார்கள். முனை தண்ணீரைத் தொட்டதும் கருவி ஒலிக்கும். கம்பியில் குறித்த மீட்டரைப் படித்து நோட்டில் எழுதுவார்கள். பிறகு ஊர் நடுவே சுவரில் பெரிய எழுத்தில் மழையளவோடு எழுதி வைப்பார்கள். ராபிப் பருவத்துக்கு முன் ஊர் கூடி, இருக்கும் தண்ணீர் இவ்வளவு, போட நினைத்த பயிர் கேட்பது இவ்வளவு என்று கூட்டிக் கழிப்பார்கள். கட்டாயமோ மானியமோ இல்லாமலே பல ஊர்களில் நெல்லின் பரப்பு குறைந்ததை உலக வங்கியின் 2010 ஆய்வு பதிவு செய்தது.

4. இணையதளம் இருக்கிறது என்பது பதிலாகுமா?

நீர்த் தகவலுக்காக இந்தியா செலவு செய்யாமல் இல்லை. 2016-இல் ஏறக்குறைய 3,680 கோடி ரூபாயில் தேசிய நீரியல் திட்டம் ஒப்புதல் பெற்றது. 2018-இல் தேசிய நீர்த் தகவலியல் மையம் தொடங்கப்பட்டது. இந்தியா-வ்ரிஸ் என்ற அரசின் நீர்வளத் தகவல் தளத்தில் வரைபடங்கள் குவிந்திருக்கின்றன. இவை பயனுள்ள வேலைகள். ஆனால் எண்ணைத் திரையில் காட்டுவதும் அறிவைக் கைமாற்றுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவது இன்னும் தொடங்கவே இல்லை என்று சொன்னால் மிகையாகாது.

ஆற்றில் ஓடும் தண்ணீர் எப்படி எண்ணாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். கரையில் நட்ட அளவுகோலில் அளவர் காலை எட்டு மணிக்கு மட்டத்தைப் படிக்கிறார். படகிலோ பாலத்திலிருந்தோ ஆற்றின் குறுக்கே பல இடங்களில் நீரோட்ட மானியை, அந்த இடத்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே, இறக்குகிறார். மானியின் கிண்ணச் சக்கரம் சுற்றும் வேகத்திலிருந்து தண்ணீரின் வேகம், வேகத்தை ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம். இப்படிப் பலமுறை அளந்த பிறகு, இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு வளைவு வரையப்படுகிறது. அதன் பிறகு அன்றாடம் மட்டத்தை மட்டும் படித்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். ஆற்றில் மணல் அள்ளிப் படுகை ஒரு மீட்டர் இறங்கினால் அந்த வளைவு பொய்யாகிவிடும். அளவுகோல் வெள்ளத்தில் சாய்ந்து மறுபடி நடப்பட்டால் சுழியே மாறிவிடும். எந்த ஆண்டு நடப்பட்டது, எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம், எந்த மழைக்காலத்தில் வளைவு திருத்தப்பட்டது என்பது அளவரின் நோட்டில் இருக்கும்; பல இடங்களில் அவர் நினைவில் மட்டும் இருக்கும். அவர் ஓய்வு பெறும் நாளில் முப்பது ஆண்டு எண் வரிசை தளத்தில் அப்படியே நிற்கும், அதன் பொருள் அவரோடு போய்விடும். புதிதாக வரும் பொறியாளர் அந்த வரிசையை நம்பிப் பாலம் கட்டுவார்.

நிலத்தடி நீர்க் கணக்கிலும் இதே ஓட்டை. 2022 மதிப்பீட்டில், கணக்கிடுவதற்காகப் பிரிக்கப்பட்ட பகுதிகளான அலகுகள் நாட்டில் 7,089, அவற்றில் 1,006 மிகையாக உறிஞ்சப்பட்டவை. 2023-இல் 6,553 அலகுகள், மிகையாக உறிஞ்சப்பட்டவை 736. நூற்றுக்குப் பதினான்கிலிருந்து பதினொன்றாகக் குறைந்திருக்கிறது. இதை முன்னேற்றம் என்று கொண்டாடலாமா? ஒரே ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அலகுகள் குறைந்திருக்கின்றன என்றால் எல்லைகள் மாற்றி வரையப்பட்டிருக்கின்றன. வறண்ட பகுதியையும் ஈரமான பகுதியையும் ஒரே அலகாகச் சேர்த்தால் சராசரி தேறிவிடும். உண்மையில் நீர் ஊறியது எவ்வளவு, கோடு நகர்ந்ததால் தெரியும் மாற்றம் எவ்வளவு என்பதைப் பிரித்தறிய, பழைய எல்லையும் புதிய எல்லையும் ஒவ்வொரு கிணற்றின் மட்டமும் ஒரே இடத்தில் வேண்டும்.

கருவிகளின் நிலையும் தளத்தைப் பார்த்தால் தெரியாது. வெள்ள முன்னறிவிப்பைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2017 அறிக்கைப்படி, பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அமைக்க வேண்டிய 219 தொலைஅளவீட்டு நிலையங்களில் 2016 ஆகஸ்ட் வரை அமைக்கப்பட்டவை 56. இதை வெளிக்கொண்டு வந்தது தணிக்கை. ஒவ்வொரு நிலையத்தின் கடைசிப் பதிவு எந்த நேரத்தில் வந்தது என்பது அன்றாடம் பொதுவெளியில் இருந்தால், தணிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செத்துப்போன கருவி மறுநாளே தெரியும்.

5. நான்கு காரணங்களும் நிற்காதபோது வரும், முதலில் தரத்தைச் சரிசெய்வோம், பிறகு வெளியிடுவோம் என்ற சமாதானம் காலவரையறை இல்லாதது.

தரவின் பிழை அதைப் பயன்படுத்துபவர் கண்ணில்தான் படும். மறைத்து வைத்த வரிசையில் பிழை பத்தாண்டு உறங்கும். தற்காலிகம் என்று குறியிட்டு உடனே வெளியிட்டு, பிறகு திருத்தி இறுதியாக்குவது உலகமெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஆயிரக்கணக்கான ஆற்று நிலையங்களின் மட்டத்தை அப்படித்தான் வெளியிடுகிறது. தண்ணீர் மாநிலங்களின் உரிமையாக இருக்கும் கூட்டாட்சி நாட்டில் இது நடக்காது என்பதும் சரியில்லை. நீண்ட வறட்சிக்கு நடுவே ஆஸ்திரேலியா 2007-இல் நீர்ச் சட்டம் இயற்றி, இருநூறுக்கு மேற்பட்ட அமைப்புகள் தங்கள் நீர்த் தரவை ஒரே வடிவத்தில் நாட்டின் வானிலைத் துறையிடம் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அங்கும் நீர் மாநிலங்களின் பொறுப்பில்தான் இருந்தது.

இந்தியாவும் தன் அளவில் ஒருமுறை இந்த வழியைத் தொட்டிருக்கிறது. 2019-இல் தொடங்கிய 6,000 கோடி ரூபாய் அடல் பூஜல் திட்டம், ஏழு மாநிலங்களுக்குப் பணம் தருவதற்கான அளவுகோல்களில் ஒன்றாக நிலத்தடி நீர்த் தரவை ஊர் மக்களுக்கு வெளியிடுவதை வைத்தது. தரவு கொடுத்தால்தான் நிதி என்ற விதியை ஒரு திட்டத்துக்குள் வைக்க முடிந்தால், மத்திய நிதி பெறும் எல்லா அணைக்கும் வாய்க்காலுக்கும் குடிநீர்த் திட்டத்துக்கும் அதை வைக்கலாம். எண்ணோடு சேர்த்து அளவுகோலின் வரலாறும், வளைவின் திருத்தங்களும், அளவரின் குறிப்புகளும் தரப்பட வேண்டும் என்றும் அதே விதியில் எழுதலாம்.

படுகைதோறும் தரவு வங்கி பற்றி மேலும் பேசிய 2019-ஆம் ஆண்டின் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிலுவையில் கிடந்து, 2024-இல் மக்களவைக் கலைப்போடு காலாவதியாகிவிட்டது. அதற்காக எதுவும் நின்றுபோகத் தேவையில்லை. 9ஏ பிரிவு நடைமுறையில் இருக்கிறது. கங்கையின் கணக்கைப் பூட்டி வைத்திருக்கும் 2013, 2018 கொள்கைகள் இரண்டும் நிர்வாக முடிவுகள். நாடாளுமன்றத்துக்குப் போகாமல் வந்தவை. அவற்றைத் திருத்த ஒரு நிர்வாக ஆணை போதும். புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.